கரிசல் வீட்டுக்குள் பாட்டு வரும் வழி

எங்கள் வீட்டில் முதன்முதலாக, இணையத்திலிருந்து பாட்டை வாங்கும் ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிய அன்று, பாட்டுக்கு முன்னால் வந்தது ‘உர்ர்’ என்ற இரைச்சல். பெட்டி புதிது, வயரும் புதிது. ஒரு வாரம் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன், மறுவாரம் ஸ்ட்ரீமரை. சித்திரை மாதம் அது. வெளியே எர்த் குழியைச் சுற்றியிருந்த கரிசல் மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒருநாள் தூசி தட்டும்போது டிவிக்கு வரும் கேபிள் வயர் கழன்றுகொண்டது. இரைச்சல் அந்த நொடியே நின்றது. அதுவரை நான் குறைசொன்ன எந்தப் பெட்டியிலும் குற்றம் இல்லை.

அதற்குப் பிறகு அருப்புக்கோட்டையிலும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஊர்களிலும் உறவினர், நண்பர் வீடுகளில் இந்தப் பெட்டிகளை மாட்டிக்கொடுக்கப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: எந்தப் பெட்டி நன்றாகப் பாடும்? நான் கண்டவரையில், நம் மானாவாரிச் சீமையில் ஓசையின் தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று. வீட்டு எர்த், பாட்டு கேட்கும் அறை, பாட்டின் பதிவு. பெட்டியின் விலை அவற்றுக்குப் பின்னால்தான் வரும். இது வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடக் கூடாது என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

மழை குறைந்த இந்த மண்ணுக்கு இசை குறைந்ததே இல்லை. அருப்புக்கோட்டையைக் கடந்து தூத்துக்குடிக்குப் போகும் அதே சாலையில்தான் எட்டயபுரம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்த ஊர். நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கோவில்பட்டியில். 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் சேர்ந்து வந்த பாட்டு, அதன்பின் இந்த வட்டாரத்தில் எத்தனை கல்யாண வீட்டுக் குழாய்களில் ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. 1939-ல் திருச்சி வானொலியும் 1963-ல் திருநெல்வேலி வானொலியும் வந்தன. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி இவை இரண்டையும்விட நெருக்கமாக ஒட்டிக்கொண்டது. பஞ்சாயத்து ரேடியோ முன்னால் சாயங்காலம் கூடி உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று போனில் கேட்கிறார்கள்.

வானொலிக்கும் போனுக்கும் நடுவே, எங்கள் தெருக்களுக்கு ஓசையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மைக்செட்காரர்கள். இசைத்தட்டு முள்ளை மாற்றுவதும், தட்டைத் துணியால் ஒற்றித் துடைப்பதும், வயரைக் கரண்டுக் கம்பியிலிருந்து விலக்கி இழுப்பதும் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாட்டை எந்த நேரத்தில் போட வேண்டும் என்ற நிதானமும் இருந்தது. இன்றைக்கு ஸ்ட்ரீமர் மாட்டும்போது வருகிற பாதிக் குழப்பத்துக்கு விடை அவர்கள் கைப்பழக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்ட்ரீமர் என்பது இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தோ பாட்டை எண்களாக வாங்கி ஆம்ப்ளிஃபயரிடம் கொடுக்கும் பெட்டி. 2001-ல் அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் கொண்டுவந்த பெட்டி இந்த வகையில் முன்னோடி. 2005-ல் சோனோஸ் வந்தது. 2012-ல் உள்ளங்கை அகலக் கணினியான ராஸ்பெர்ரி பை வந்ததும், வொலூமியோ போன்ற இலவச மென்பொருளைப் போட்டு அவரவர் வீட்டிலேயே ஸ்ட்ரீமர் செய்துகொள்ள முடிந்தது. 2015-ல் கூகுள் விட்ட குரோம்காஸ்ட் ஆடியோ எல்லோர் கைக்கும் எட்டியது, 2019-ல் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தை இப்போது வீம் போன்ற சிறு பெட்டிகள் பிடித்திருக்கின்றன. நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் பழக்கமான பெட்டி என்னவோ 2017-ல் சரிகம வெளியிட்ட கார்வான்தான். பாட்டை உள்ளேயே அடைத்துக்கொடுத்ததால் அதற்கு இணையமே வேண்டியதில்லை. பெரியவர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும். ஸ்ட்ரீமரை மாட்டிக்கொடுப்பவர்கள் அந்த எளிமையை இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எழுபது வயதுக்காரர் தானாகப் பாட்டுப் போட முடியாத ஏற்பாடு எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் அரைகுறை ஏற்பாடுதான்.

இணைப்பில் முதல் கேள்வி ப்ளூடூத்தா, வைஃபையா. ப்ளூடூத்தில் பாட்டு போனுக்குள் வந்து, அங்கே மறுபடி சுருக்கப்பட்டுப் பெட்டிக்குப் போகிறது. எல்லாக் கருவியிலும் உள்ள எஸ்பிசி முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட்தான் போகும். சிடியின் அளவு 1,411 கிலோபிட். வைஃபையில் ‘காஸ்ட்’ செய்தாலோ, ஸ்பாட்டிஃபை கனெக்ட் வழியாகப் போட்டாலோ, போன் வெறும் ரிமோட். பாட்டைப் பெட்டியே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போனுக்கு அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது, போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வைஃபைதான் நல்லது.

வைஃபைக்கும் ஒரு தடை உண்டு. எங்கள் பக்கத்தில் கேபிள்காரர் ஃபைபர் வயரை இழுத்து ரூட்டரை முன்வாசல் ஈபி மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பாட்டுக் கேட்கும் அறை இரண்டு கட்டு தாண்டி உள்ளே. நடுவில் ஒன்றரையடிப் பழைய சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். இரண்டும் தடுமாறினால் நெட்வொர்க் வயர் இழுப்பதே முடிவு. அந்த வயர் 100 மீட்டர் வரை போகலாம், எந்த வீட்டுக்கும் அது போதும். பாட்டு நடுவில் விக்கினால் ஸ்ட்ரீமரை மாற்ற நினைக்காமல் முதலில் இந்த வயரை இழுத்துப் பாருங்கள்.

ஃபைபர் வராத ஊரில் போன் டேட்டாவிலேயே கேட்க வேண்டியிருக்கும். 320 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி செலவாகும். இழப்பில்லாத ஃப்ளாக் வடிவத்தில் 350, 400 எம்பி வரை போகும். நாளைக்கு ஒன்றரை ஜிபி என்றால் நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அங்கே 320-ல் கேட்பதில் எந்த நட்டமும் இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஆம்ப்ளிஃபயரின் முதுகு. ஸ்ட்ரீமரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னில் பெரும்பாலும் 2 வோல்ட் வரை வரும். ‘ஆக்ஸ்’, ‘சிடி’, ‘லைன்’ என்று எழுதிய எந்தத் துளையும் இதைத் தாங்கும். ‘ஃபோனோ’ என்பது இசைத்தட்டு முள்ளின் சில மில்லிவோல்ட்டுக்கானது, ‘மைக்’ துளையும் அப்படித்தான். அங்கே செருகினால் பாட்டு கிழிந்து கேட்கும். கிழிந்த ஓசையைக் கேட்டுவிட்டு ஸ்ட்ரீமர் பழுது என்று திருப்பிக்கொடுத்த வீடு எனக்குத் தெரியும்.

மைக்செட் வைத்திருந்த குடும்பங்களில் பழைய பெரிய ஆம்ப்ளிஃபயர் சும்மா கிடக்கும். அதில் ஸ்ட்ரீமரைக் கொடுக்கலாம். ஆனால் பின்னால் 100 வோல்ட் என்று குறித்த முனை குழாய் ஒலிபெருக்கிகளுக்கானது. வீட்டு 8 ஓம் பாக்ஸை அதில் மாட்டினால் ஊஃபர் கருகும். 8 ஓம் என்று தனியாக முனை இருந்தால் மட்டும் மாட்டுங்கள். வால்வு ரேடியோவை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஏசி-டிசி இரண்டிலும் ஓடும் பழைய செட்டுகள் சிலவற்றில் உள் இரும்புச் சட்டத்திலேயே கரண்டு நிற்கும். அதில் ஸ்ட்ரீமர் வயரைச் செருகுவது உயிரோடு விளையாடுவது.

உள்ளூரில் கூட்டிக்கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்குள் ஒரு சின்ன ப்ளூடூத் போர்டு வைத்திருப்பார்கள். பாட்டு இல்லாதபோது அதிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும். போர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் கரண்டு எடுப்பதுதான் காரணம். போர்டுக்குத் தனி அடாப்டர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அந்தப் போர்டை விட்டுவிட்டு ஆக்ஸ் துளையில் ஸ்ட்ரீமரை மாட்டினால் இன்னும் நல்லது.

இனி எர்த். இதைப் பற்றி ஓசை நூல்களில் ஒரு பத்தி இருக்கும், நம் ஊருக்கு ஒரு அத்தியாயமே வேண்டும்.

வீட்டுக்கு வெளியே இரண்டரை மீட்டர் ஜிஐ குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்திருப்பார்கள். கட்டிய வருடத்தோடு தண்ணீர் ஊற்றுவது நின்றுபோகும். கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது கரண்டை நன்றாகக் கடத்தும். காய்ந்தால் சுருங்கி, குழாயை விட்டு விலகி வெடிக்கும். பங்குனியிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும் பல வீடுகளில் எர்த் குழாய் மண்ணோடு சரியாகத் தொட்டுக்கொண்டே இருப்பதில்லை. வீட்டு எர்த் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது எலக்ட்ரீசியன்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. காய்ந்த குழியில் அது பல மடங்கு ஏறிவிடும்.

இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர் மோட்டாரும் கிரைண்டரும் பழைய ஃபிரிட்ஜும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் கசியவிடும். எர்த் நன்றாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். எர்த் 50 ஓமாக இருந்து கசிவு 100 மில்லிஆம்பியராக இருந்தால், எர்த் கம்பியே 5 வோல்ட்டில் நிற்கும். மறுபக்கம், தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி வயரின் மேலுறைக்கு வேறெங்கோ எர்த் இருக்கும். ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பெட்டி, ஸ்ட்ரீமர் மூன்றும் ஆர்சிஏ வயரால் பிணைந்திருக்கையில், இந்த இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் பாட்டு வயரின் உறை வழியாக ஓடுகிறது. அதுதான் ‘உர்ர்’. ஊரில் இதை ‘ஹம்’ என்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. எல்லா வயரையும் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஓடவிடுங்கள். அமைதியாக இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் இரைச்சல் வருகிறதோ அங்கேதான் இரண்டாவது எர்த் இருக்கிறது. அந்த இணைப்பை மட்டும் ஆப்டிகல் வயருக்கு மாற்றினால் போதும். 1983-ல் தோஷிபா கொண்டுவந்த இந்த வயரில் வெளிச்சம்தான் போகிறது. கரண்டு போக வழியில்லை, எனவே எர்த் சுற்றும் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் துளை இல்லையென்றால் தனியாக ஒரு சின்ன டாக் வாங்கி நடுவில் வைக்கலாம். டாக் என்பது எண்ணை ஓசையாக மாற்றும் பாகம்.

பிளக்கின் மூன்றாவது பின்னில் எர்த்தே இணைக்காத வீடுகளில் வேறு மாதிரி இரைச்சல் வரும். ஆம்ப்ளிஃபயரின் உடம்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்று ஏறும், தொட்டதும் இரைச்சல் மாறும். இது ஓசைப் பிரச்சினைக்கு முன்னால் உயிர்ப் பிரச்சினை. அதேபோல, ஹம் போக வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனை எங்கள் பக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். குழிக்குக் கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சலவைத் தண்ணீரே போதும். சில வருடத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீசியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இரைச்சலுக்கு இன்னும் இரண்டு ஊற்றுகள் உண்டு. வட்டமாகத் திருகும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் கரண்டு அலையை வெட்டி வெட்டி விடுவதால் கரகரப்பு உண்டாகும். படிப்படியாக நிற்கும் கப்பாசிட்டர் ரெகுலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை. கரண்டு போனபோது இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் முனகினால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டரில் முனகாது. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு மட்டும் எந்தக் கருவியும் முழுக் காவல் தராது, மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு.

வெக்கையையும் சொல்லியாக வேண்டும். கப்பாசிட்டர் என்ற பாகத்தின் ஆயுள் 10 டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுவிதி. தளம் ஒட்டிய பரணில், கண்ணாடி அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயரை அடைத்து வைப்பவர்கள் அதன் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள். கீழே, காற்றோட்டமாக வையுங்கள்.

இரைச்சல் நீங்கிய பிறகுதான் அறையின் குணம் தெரியவரும். என் அனுபவத்தில், இங்கேதான் ஓசையின் பெரும்பகுதி தீர்மானமாகிறது.

நம் புதுவீடுகளில் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டடிக்குப் பத்தடி, பத்தடி உயரம். கான்கிரீட் தளம், பூசிய சுவர், டைல்ஸ் தரை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டிரிங்’ என்று ஓசை சுவருக்குச் சுவர் தாவுவது கேட்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் இதே தொல்லையால் ஒரு புது விரிவுரை மண்டபத்தில் பேசுவது எதுவும் புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே ஓசை அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, விடிவதற்குள் திருப்பிக்கொண்டுபோய் வைத்து, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு அடங்குகிறது என்று அளந்தார். அறையின் ஓசைக் கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது.

அவர் வகுத்த வாய்ப்பாட்டில் நம் அறையைப் போட்டுப் பார்த்தேன். 3.6, 3, 3 மீட்டர் என்று எடுத்தால் கன அளவு 32 கன மீட்டர். சுவர், தளம், தரை சேர்ந்து 61 சதுர மீட்டர் வருகிறது, ஆனால் அது விழுங்கும் ஓசை ஒன்றரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். ஓசை அடங்க ஏறத்தாழ மூன்றரை விநாடி. அறையில் கட்டில், துணி, ஆட்கள் இருந்தால் குறையும், ஆனாலும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் வழியும். இந்த அறையில் எந்த விலைப் பெட்டியும் தெளிவாகப் பாடாது.

இதற்கு மருந்து அருப்புக்கோட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நூல் மில்களும் தறிகளும் உள்ள ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஆறடிக்கு இரண்டடி மரச்சட்டம், நாலு அங்குல ஆழம், உள்ளே பஞ்சு, மேலே மெல்லிய கைத்தறித் துணி. இப்படி ஆறு சட்டம் சுவரில் மாட்டி, தரையில் ஒரு பஞ்சு மெத்தை போட்டால் அதே அறை 0.65 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. பாட்டுக் கேட்க அது நல்ல அளவு. சட்டங்களைப் பிளக் பாயிண்டுக்கும் விளக்குக்கும் தள்ளி மாட்ட வேண்டும், பஞ்சு சட்டென்று பற்றும். கரையானையும் கவனிக்க வேண்டும்.

இதை நான் முதலில் கற்றது புத்தகத்தில் இல்லை. நெசவாளர் வீடொன்றில் சாதாரணப் பாக்ஸ்கள் இரண்டு அத்தனை சுத்தமாகப் பாடின. அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுவர் நெடுக மடித்து அடுக்கிய சேலைக் கட்டுகள்.

தடித்த ஓசைக்குப் பஞ்சு போதாது. 35 டிகிரி வெயிலில் ஓசை விநாடிக்கு 352 மீட்டர் போகும். 3.6 மீட்டர் நீள அறையில் 49 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலத்திலும் உயரத்திலும் 59 ஹெர்ட்ஸிலும் ஓசை தேங்கி ‘தும்தும்’ என்று வீங்கும். நம் கரண்டின் அலை 50 ஹெர்ட்ஸ். ஹம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் கேட்கும், அறையின் இரண்டாம் தேக்கமோ 98. ஆக, பன்னிரண்டடி அறை எர்த் கோளாற்றால் வரும் இரைச்சலையே எடுத்துப் பெருக்குகிறது. வீட்டிலுள்ள ஒருவருக்குப் பெரிதாகக் கேட்கும் ஹம், நாலடி தள்ளி உட்கார்ந்தவருக்குக் கேட்காமல் போவதும் இதனால்தான். தேக்கத்தைக் குறைக்க, அறையின் சரிநடுவிலும் சுவரை ஒட்டியும் உட்காராமல், பின்சுவரிலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி உட்காருங்கள். மிச்சத்தை ஸ்ட்ரீமரிலேயே உள்ள ஈக்வலைசரில் அந்த ஹெர்ட்ஸை மட்டும் நாலைந்து டெசிபல் குறைத்துச் சரிசெய்யலாம். புதுப் பெட்டிகள் சிலவற்றில் போன் மைக்கை வைத்து அறையை அளந்து தானே சரிசெய்யும் வசதியும் வந்திருக்கிறது. எதையும் கூட்டாதீர்கள், குறைக்க மட்டும் செய்யுங்கள்.

பாக்ஸை எங்கே வைப்பது? எங்கள் வீடுகளில் அது ஏறி உட்காரும் இடம் பரண், அல்லது அலமாரியின் உச்சி. மெல்லிய ஓசை தரும் ட்விட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் நாற்காலியை மனதில் வைத்து ஒரு மீட்டர் என்கின்றன. நாம் பாயில் உட்கார்ந்து கேட்பவர்கள், காது முக்கால் மீட்டரில் இருக்கும். அதற்கேற்ற முக்காலியில் வையுங்கள், சுவரை விட்டு ஒன்றரையடி நகர்த்துங்கள். இரண்டு பாக்ஸுக்கு நடுவே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து உங்களுக்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய மறைத்திரைச் சோதனைகளில், பாக்ஸின் பெயர் தெரியாமல் கேட்டவர்கள், ஏற்ற இறக்கமின்றிச் சீராக ஒலிக்கும் பாக்ஸையே திரும்பத் திரும்பத் தேர்ந்தார்கள். வாங்கும்போது பணத்தில் பெரும்பங்கைப் பாக்ஸுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வயருக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஹார்டுவேர் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் கிலோமீட்டருக்கு 7.4 ஓம். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் பாக்ஸுக்குப் போய்வர 0.074 ஓம், 8 ஓம் பாக்ஸில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முக்கியம் என்னவென்றால் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பாக்ஸில் மாறிப்போனால் தடித்த ஓசை காணாமல் போகும். மைக்செட்காரர்கள் இதை ஒரு டார்ச் பேட்டரியில் பார்ப்பார்கள். ஒன்றரை வோல்ட் செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் ஒரு நொடி தொட்டால் ஊஃபர் வெளியே தள்ள வேண்டும்.

இப்போது அந்த 320 கணக்குக்கு வருகிறேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டி அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் ஏங்குகிறார்கள். சிடியின் 16 பிட்டில் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்கு இடமுண்டு. ஃபேன் ஓடும் அறையில் அடிச்சத்தமே 45 டெசிபல் இருக்கும். விசைத்தறித் தெரு என்றால் பகலில் இன்னும் கூடும். பாட்டின் உச்சம் 95 டெசிபல் என்று வைத்தாலும் நமக்குக் கிடைப்பது 50 டெசிபல். 2007-ல் அமெரிக்காவில் மேயரும் மோரானும் 554 முறை நடத்திய சோதனையில், உயர்வகைப் பதிவையும் சிடி அளவுக்குக் குறைத்ததையும் சரியாகப் பிரித்துச் சொன்னது பாதிக்கும் சற்றுக் குறைவு, அதாவது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் இருக்கலாம், இருந்தால் மிக நுண்ணியது. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத வடிவத்தைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது, ஸ்பாட்டிஃபை 2025-ல் தொடங்கியது. கிடைத்தால் கேளுங்கள். கிடைக்கவில்லை என்று வருந்த ஒன்றுமில்லை.

எங்கள் சீமைக்கு ஒரு பாக்கியம் உண்டு. நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் மார்கழி இரவு, ஃபேன் ஓடாது, ரோட்டில் வண்டி இல்லை. நகரத்தில் லட்சங்கள் செலவழித்து அறை கட்டுபவர்களுக்குக் கிடைக்காத அமைதி அது. அந்த நேரத்தில் குறைந்த ஒலியில் ஓர் ஆலாபனையைக் கேட்டுப்பாருங்கள், ஒரு மூச்சுகூடத் தவறாது. 2016 குடியரசு நாளில் ஆகாசவாணி தொடங்கிய ‘ராகம்’ இருபத்துநாலு மணி நேர அலைவரிசை இணையத்தில் இலவசமாக வருகிறது.

தறியில் வாழ்ந்தவர்களின் காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் வரம்பு. விசைத்தறிக் கூடம் 90-ஐத் தாண்டும். இப்படிக் கெட்ட காதில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து மெல்லோசை. அப்பா பாட்டில் சொல் விளங்கவில்லை என்று டிரெபிளைக் கூட்டினால் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம். அவருக்கென ஈக்வலைசரில் ஒரு தனி அமைப்பைச் சேமித்துக்கொடுங்கள். ஒரு ஸ்ட்ரீமர் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகப் பதிவு. தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோ 1978-ன் ‘பிரியா’வோடு வந்ததாகச் சொல்வது வழக்கம். அதற்கு முந்தைய பாட்டுகள் ஒற்றைத் தடம். ஒரே பாட்டு ஒரே செயலியில் நாலைந்து பிரதிகளாகக் கிடக்கும். ஒன்றில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று குரலையே துடைத்திருப்பார்கள், இன்னொன்றில் புதுத் தாளத்தை ஒட்டியிருப்பார்கள். இரண்டு மூன்றைக் கேட்டு, கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் குரல் உயிரோடு இருப்பதைத் தேர்ந்து பட்டியலில் வையுங்கள்.

எந்தச் செயலியிலும் இல்லாத ஓசைகளும் நம்மிடம் இருக்கின்றன. திருவிழாவில் விடிய விடிய நடந்த வள்ளி திருமண நாடகம், முளைப்பாரிக் கும்மி, பாட்டியின் தாலாட்டு என்று வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட்டுகள் பரண்களில் வெக்கையில் கிடக்கின்றன. ஒரு நல்ல டெக், அதன் தலையைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், கணினியில் செருகும் சின்ன ஆடியோ அடாப்டர், இவை போதும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஃப்ளாக். ஒரு டெராபைட் டிஸ்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். கோப்பின் பெயரில் ஊர், வருடம், பாடியவர் பெயரைக் குறித்து, இரண்டு டிஸ்கில் இரண்டு பிரதி வையுங்கள். ஸ்ட்ரீமர் அதை வீட்டு வைஃபையிலேயே எடுத்துப் பாடும், இணையம் வேண்டியதில்லை. நாடா உதிரத் தொடங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. வருகிற ஐப்பசிக்கு முன்னால் பரணில் ஏறி அந்தக் கேசட்டுகளை இறக்குங்கள்.